கபாலம் யாரிடம்?

கேள்வி: ‘உண்மை என்று ஒன்றுமில்லை, எல்லாம் அவரவர் பார்வை’ என்று ஐரோப்பியத் தத்துவஞானிகள் சொல்கிறார்களாமே? (வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்)

பதில்: எல்லாரும் சொல்லவில்லை. உலகம் நம் அறிவுக்குத் தோன்றும் வடிவில்தான் நமக்குக் கிட்டும் என்றதோடு கான்ட் நிறுத்திக்கொண்டார். நீட்ஷேதான் 1873-ல், உண்மைகள் எல்லாம் புழங்கிப் புழங்கித் தேய்ந்த நாணயங்கள் என்று போட்டு உடைத்தார்.

மனிதர் உங்கள் ஊர்ப் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தால் பட்டுக்கடைப் பாயில் உட்காரவைத்து ஜரிகையைச் சுரண்டிக் காட்டியிருக்கலாம். உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிந்தால் நம்பலாம் என்பார்கள். வெள்ளை நூல் எட்டிப் பார்த்தால், எந்தக் கோணத்தில் பார்த்தாலும் போலிதான். விற்பவருக்கு ஒரு பார்வை, வாங்குபவருக்கு ஒரு பார்வை இருக்கட்டும். வெள்ளி எத்தனை சதவீதம் என்று சொல்லும் எக்ஸ்ரே கருவிக்குப் பார்வையெல்லாம் கிடையாது.

காஞ்சிக்கு இந்த வழக்கு புதிதுமல்ல. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நகைச்சுவை நாடகம் இங்கேதான் நடக்கிறது. போதையில் கபாலத்தை, அதாவது மண்டையோட்டுப் பிச்சைப் பாத்திரத்தைத் தொலைத்த காபாலிக சைவன், பௌத்தத் துறவிதான் திருடினார் என்று சண்டைக்கு நிற்கிறான். பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபத சைவர் வேறு. (இன்றைய டிவி விவாதத்துக்கு மூவரையும் அப்படியே அழைக்கலாம்.) கபாலம் கடைசியில் ஒரு நாயிடமிருந்து மீள்கிறது. நாய்க்குத் தத்துவம் தெரியாது. உள்ளே இருந்த வறுத்த இறைச்சி தெரியும்.

எதற்கும் அடுத்த முகூர்த்தச் சேலை எடுக்கும்போது கவனம். சில்க் மார்க் முத்திரை பட்டுக்குத்தான் சாட்சி, ஜரிகைக்கு அல்ல. அதற்குத் தனியாகச் சோதனைச் சான்று கேட்டு வாங்குங்கள்.