இருபது ரூபாய் நியாயம்

தீப்பெட்டி செய்து பிழைக்கிற ஊரில் லைட்டர் விலை போவது, திருநெல்வேலிக்காரன் அல்வா வாங்க ஆக்ராவுக்கு டிக்கெட் போடுவது மாதிரி. ஆனாலும் கோவில்பட்டியில் விலை போனது. வாங்கியவர்கள் நாம்தான். பத்து ரூபாய்க்குச் சீனாவிலிருந்து வந்த பிளாஸ்டிக். உள்ளே இருக்கும் வாயு தீர்ந்தால் நிரப்ப வழி கிடையாது, தூக்கி எறிய வேண்டியதுதான். தீக்குச்சி எரிந்தால் கரி. பெட்டி கிழிந்தால் அட்டை. இரண்டும் கரிசலில் ஒரு ஐப்பசி மழைக்குத் தாங்காது. லைட்டர் தாங்கும். பேரன் டிராக்டர் ஓட்டும் காலத்திலும் கலப்பையில் தட்டும்.

தீப்பெட்டிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. டெல்லி வரைக்கும் மனுவோடு அலைந்தார்கள். 2022 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். ஒரு லைட்டர் 20 தீப்பெட்டியின் இடத்தைப் பிடிக்கிறது என்று கணக்கும் சொன்னார். 2023 ஜூனில் உத்தரவு வந்தது: 20 ரூபாய்க்குக் குறைந்த விலையில் லைட்டர் இறக்குமதி கூடாது. ஆக, பத்தொன்பது ரூபாய் லைட்டர் பகையாளி. இருபத்தொரு ரூபாய் லைட்டர் விருந்தாளி. முழு லைட்டருக்குத்தானே தடை என்று உதிரிபாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். 2024 அக்டோபரில் அந்த உதிரிபாகங்களுக்கும் தடை போட வேண்டியதாயிற்று.

உத்தரவை நான் குறை சொல்லவில்லை. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்களின் கூலி அதில் இருக்கிறது. என் வயிற்றெரிச்சல் வேறு. வியாபாரம் கெட்டால் கதவை அடைக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, மண் கெட்டால் மட்டும் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று மறந்துபோகிறது.

2016-ல் பிளாஸ்டிக் கழிவு விதிகள் வந்தன. மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளை இரண்டு வருடத்தில் ஒழித்துவிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. சிப்ஸ் உறையும் சாஷேயும் அந்த இனம்தான். இரண்டு வருடம் முடிகிற 2018-ல் என்ன செய்தார்கள்? உறையை ஒழிக்கவில்லை, விதியைத் திருத்தினார்கள். மறுசுழற்சிக்கு ஆகாதது என்பதோடு, எரித்து ஆற்றல் எடுக்க ஆகாதது, வேறு எதற்குமே உதவாதது என்ற சொற்களையும் சேர்த்தார்கள். அப்படிப்பட்டது மட்டும் போனால் போதுமாம். எரிக்க முடியாத பிளாஸ்டிக்கை எந்தக் கம்பெனி செய்கிறது, சொல்லுங்கள்! சிமெண்ட் சூளை இருக்கிற வரைக்கும் சாஷே சிரஞ்சீவி.

சாஷே நம்ம ஊர்ப் பிள்ளைதான். கடலூர் சின்னிகிருஷ்ணன் பெற்ற பிள்ளை. கூலிக்காரர் வீட்டுக்கும் ஷாம்பு போய்ச் சேரட்டும் என்று நினைத்தார், நல்ல மனசு. இன்று பெட்டிக்கடை வாசலில் அது சரம் சரமாகத் தொங்குகிறது. கிழித்துக் குளித்தபின், ஊருணிக் கரை உடைமரத்தில் மறுபடியும் தொங்குகிறது.

தமிழ்நாட்டில் 14 பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், துணி மாதிரி நடிக்கிற நெய்யாத பை எல்லாம் பட்டியலில் உண்டு. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. அபராத ரசீதுப் புத்தகம் யாரைத் தேடிப் போகிறது? பூக்காரம்மாவை, வடைக்கடைக்காரரை. பையை உருக்கி வார்த்த முதலாளியின் வாசலுக்கு அந்தப் புத்தகத்துக்கு வழி தெரியாது. விழிப்புணர்வுக் கூட்டம் நடக்கும். மேடைக்குப் பின்னால் ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்’ என்று பெரிய பிளக்ஸ், சிறப்பு விருந்தினர் கையில் பேப்பர் கப்பில் டீ. பேச்சு முடிந்ததும் பொன்னாடை, அதுவும் பிளாஸ்டிக் கவருக்குள்.

நாம் மட்டும் யோக்கியமா? கோவில்பட்டிக் கடலைமிட்டாயை எடுத்துக்கொள்வோம். 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, வெடி போட்டோம். கடலையும் வெல்லமும் மண்ணில் விளைந்தவை, ஒரு வாயில் தீர்ந்துவிடும். வெளியூர்ச் சொந்தத்துக்கு வாங்கும்போது ‘நல்ல பேக்கிங்கா குடுங்கண்ணே’ என்று கேட்டு வாங்குகிறோம். பெட்டி, பெட்டிக்குள் தட்டு, தட்டின்மேல் உறை, எல்லாவற்றையும் போட ஒரு கைப்பை. சாணி, சாம்பல், ஆட்டுப் புழுக்கை என்று வீட்டுக் குப்பையைச் சேர்த்துவைத்து, ஆடி மாதம் வண்டி கட்டிப் புஞ்சைக்கு அடித்த சம்சாரி வீட்டுப் பிள்ளைகள் நாம். இன்று நம் வீட்டுக் குப்பையை இனாமாகக் கொடுத்தாலும் புஞ்சைக்காரர் வாங்க மாட்டார். டயாபரும் பேட்டரியும் போட்டு உளுந்து விளையாது.

தூக்குவாளி கொண்டுபோய் ஓட்டலில் சாம்பார் வாங்கிப் பாருங்கள். வேற்றுக்கிரகத்து ஆளைப் போலப் பார்ப்பார்கள். கவர் மிச்சமான காசில் ஒரு ரூபாய் குறைப்பார்களா? மாட்டார்கள். காலி உறைக்குக் காசு கிடைத்தால் ஒருவன்கூடத் தெருவில் போடமாட்டான், இதற்குச் சாட்சி இருக்கிறது. நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தந்தார்கள். அதுவும் உயர் நீதிமன்றம் உலுக்கிய பிறகுதான். குடித்தவர்கள் தள்ளாடிக்கொண்டாவது பாட்டிலைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஷாம்பு உறைக்கு, சிப்ஸ் உறைக்கு, லைட்டருக்கு அப்படி ஒரு பத்துப் பைசாகூடக் கிடையாது. குடிப்பவருக்குக் கையில் காசு, குடிக்காதவருக்குக் காதில் உபதேசம்.