வடசென்னைச் சன்னல் துடைப்பியல்: கருவியும் கறையும்

1. ஆய்வின் தேவை

ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை, டி.வி.எஸ். மொபட்டில் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு கடைக்கண்ணாடி துடைக்கப் போகிறவர் தம் கருவிகளைத் தாமே செய்துகொள்கிறார். நம் பல்கலைக்கழகங்கள் இதை இன்றுவரை கண்டுகொள்ளவில்லை. அவர் தம் கருவிக்கு அணிந்துரை வாங்காததே காரணமாக இருக்கலாம்.

இத்தொழிலின் தொன்மைக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. புகார் நகர மாளிகைகளில் மானின் கண் போன்ற சாளரங்கள் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அவற்றைத் துடைத்தவர் யார் என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யாரும் எழுதிவைக்க மாட்டார்கள் ஆதலால், அக்காலத்தில் வீட்டுக்கு வீடு துடைப்பாளர் இருந்தார் என்பது உறுதியாகிறது (மொட்டைமாடிச் சுவடி, ஏடு 2). சான்று இல்லாததையே சான்றாகக் காட்டுவது முறையா என்று சிலர் கேட்கக்கூடும். இம்முறையால் துறைத்தலைவர் ஆனவர்களைத்தான் அவர்கள் கேட்க வேண்டும்.

2. முதற்பொருளும் கருப்பொருளும்

நிலம்: நெய்தல். பொழுது: ஷிப்டைப் பொறுத்தது. கருப்பொருள்: உப்புக்காற்று, நிலக்கரித்தூள், சாம்பல், கன்டெய்னர் லாரிப் புகை. உரிப்பொருள்: இரங்கல். எண்ணூரில் வெள்ளை வேட்டியைக் கொடியில் காயப்போட்டவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

கருப்பொருளின் வரலாறு நீண்டது. ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்ட நாள்முதல் நீராவி எஞ்சின்கள் இப்பகுதிக்குக் கரி அளித்தன. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வதை உயர் நீதிமன்றம் 2011-ல் தடுத்தது. ராயபுரம் பெருமூச்சு விட்டது. கரி வடக்கே எண்ணூர்த் துறைமுகம் பக்கம் நகர்ந்தது. அரசு ஊழியருக்குள்ள இடமாறுதல் வசதி தூசிக்கும் உண்டு என்பது இதனால் பெறப்படும்.

மற்றத் தொழில்களில் மூலப்பொருளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இங்கே அது நடுராத்திரியில்கூட வீடு தேடி வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. ஜி.எஸ்.டி. கிடையாது.

3. கருவிகள்

அ. வாளி: இருபது லிட்டர் பெயின்ட் வாளி. மேலே ஆராய ஒன்றுமில்லை.

ஆ. கம்பு: மூங்கில். எட்டாத உயரத்துக்கு அதன் நுனியில் பி.வி.சி. பைப்பைச் செருகிக் கட்டுக்கம்பியால் இறுக்குவார்கள். திருவொற்றியூரில் சமாதி கொண்ட பட்டினத்தாரின் கையில் கரும்பு உண்டு. இவ்விரண்டையும் முடிச்சுப்போட்டு யாரேனும் கட்டுரை வாசித்துவிடுவார்களோ என்று அஞ்சியே இதை முந்திக்கொண்டு குறிப்பிடுகிறேன்.

இ. ஏணி: பக்கத்துக் கடைக்காரருடையது.

ஈ. நீர்: இப்பகுதி போர் தண்ணீரில் துடைத்தால், காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி பூக்கும். உப்பின் வேலை அது. 2010 முதல் மீஞ்சூர் ஆலை கடல்நீரிலிருந்தே உப்பைப் பிரித்து நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறனோடு இருக்கிறது; துடைப்பாளர் அவ்வளவு தூரம் போவதில்லை. ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் நீரை வாளியில் பிடித்துவைத்துக் கடைசி அலசலுக்கு எடுத்துக்கொள்கிறார். காற்றின் ஈரம் குளிர்ந்து திரண்ட நீர் என்பதால் அதில் உப்பு அநேகமாக இல்லை. ஏ.சி.க்காரருக்கும் ஒழுகல் புகார் தீர்ந்தது.

உ. ரப்பர்: கருவிகளின் தலைவன் இவனே. 1936-ல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியக் குடியேறி பித்தளைப் பிடியில் ஒற்றை ரப்பர்ப் பட்டையைப் பொருத்தினார். அதற்குமுன் இருந்தவை கனத்த இரும்பும் ஏகப்பட்ட திருகுகளும். பத்தாண்டு கழித்து, 1946-ல், திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்ய ஆரம்பித்தார், அதுதான் எம்.ஆர்.எப். ஆக, கொட்டகையில் உட்கார்ந்து ரப்பரோடு மல்லுக்கட்டுவது இவ்வூர் மரபு.

செய்முறை: முக்கால் இஞ்ச் பைப் ஓரடி. ஆக்சா பிளேடால் நீளவாக்கில் ஒரே நேராகக் கீற வேண்டும். நடுவில் வெட்டி 'டீ' மாட்டினால் கைப்பிடிக்கு இடம் கிடைக்கும். கீறலுக்குள் ரப்பரை நுழைத்து, பைப்பின் இரு முனையிலும் நூலளவு வெளியே நீட்டிவிட வேண்டும். இல்லையேல் பிளாஸ்டிக் கண்ணாடியை உரசிக் கோடு போடும். சைக்கிள் டியூப் ஆகாது. வளைந்தே வளர்ந்தது, நிமிர்த்தினாலும் நிமிராது. கழித்துப் போட்ட லாரி வைப்பர் ரப்பர்தான் உத்தமம். அதன் விளிம்பு மழுங்கியிருந்தால் இரும்பு ஸ்கேலை வைத்துப் புது பிளேடால் ஒரே இழுப்பு. இரண்டு இழுப்பானால் இரண்டு கோடு விழும்.

4. கறைத்திணை இயல்

துடைப்பியலின் தலையாய சிக்கல், கறை எந்தப் பக்கம் என்பது. உள்ளே நிற்பவர் வெளியே என்பார். வெளியே நிற்பவர் உள்ளே என்பார். ஆகவே கறை அகம், புறம் என இருவகைப்படும்.

அகக்கறையாவன: தாளிப்புப் புகை, குழந்தையின் விரல், வேடிக்கை பார்த்தவரின் நெற்றி விபூதி. ஒரு பக்கம் மட்டும் துடைத்துவிட்டு மறுபக்கத்தின் பதிலுக்காக ஏங்குவது கைக்கிளை. பொருந்தாத துணியால் துடைப்பது பெருந்திணை. டெரிகாட்டன் நீரை உறிஞ்சாது, கறையை ஊர்வலம் கூட்டிப்போகும். பொருந்திய காதல் பனியன் வேஸ்ட்டோடுதான்.

புறக்கறையில், தூசி வந்து கண்ணாடியைக் கவர்வது வெட்சி. துடைத்து வெல்வது வாகை. மறுநாள் காலை அதே கண்ணாடியைப் பார்ப்பது காஞ்சி. வேலை முடிந்து கடை முதலாளி முன் நிற்பது பாடாண். ஆனால் இலக்கணத்துக்கு மாறாக, பரிசில் தருபவர் மூலையில் ஒரு கோட்டைக் காட்டி இருபது ரூபாய் குறைப்பார்.

உலர் துடைப்பு எத்திணைக்கும் ஆகாது. சாம்பலும் உப்பும் காய்ந்த கண்ணாடியில் உப்புத்தாள் போல் கீறும். முதலில் நனை, பிறகு துடை என்பது நூற்பா (மேற்படி சுவடி, ஏடு 2-இன் பின்புறத்துப் பால் கணக்கு). அந்தக் கணக்கின் காலம் பற்றிக் கடும் சர்ச்சை நிலவுகிறது. வழக்கமாக இரண்டு பாக்கெட் வாங்கிய வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை நாலு பாக்கெட் வாங்கியிருக்கிறார்கள். ஆகவே அன்று பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். ஆகவே முந்தின நாள் சன்னல் துடைக்கப்பட்டது. ஆகவே நூற்பா வியாழக்கிழமை இயற்றப்பட்டது என்பது ஒரு சாரார் முடிபு. அது பாயசத்துக்கான பால், பெண் கற்பிதம் என்பது மறுசாரார் வாதம் (மேற்படி பால் கணக்கின்மீது விழுந்த டம்ளர் வட்டம், வட்டத்துக்கு உள்ளே உள்ளது மட்டும் மூலபாடம், வெளியே உள்ளது இடைச்செருகல், வட்டம் பிற்கால உரையாசிரியரின் காபி). இரு சாராரும் சன்னலைத் துடைத்ததில்லை என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

5. முடிபும் பரிந்துரையும்

வாளியைப் பற்றி ஆராய ஒன்றுமில்லை என்றது திருத்தத்துக்குரியது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியபோது, மீனவரும் மாணவரும் தொண்டர்களும் அதை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோதும் வாளிதான். ஏறத்தாழ ஏழாண்டில் கருவி மாறவில்லை. துறைமுகங்களையும் சுத்திகரிப்பு ஆலையையும் கொண்ட ஓர் ஊரின் பேரிடர்ச் சாதனமும், மொபட்டில் தொங்கும் சன்னல் துடைப்பாளரின் சாதனமும் ஒன்றே என்பது இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு.

தூசியும் எண்ணெயும் ஏன் வருகின்றன என்ற கேள்வி இக்கட்டுரையின் வரம்புக்கு அப்பாற்பட்டது. அது குழுக்களின் வரம்புக்கு உட்பட்டது. அவற்றின் அறிக்கைகளும் கெட்டி அட்டையோடு, துடைப்பதற்கு ஆகாத வழவழப்புத் தாளில்தான் வருகின்றன.

ஆதலால், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் துடைப்பியலுக்குத் தனி இருக்கை அமைக்கத் தமிழ்கூறும் நல்லுலகம் நிதி திரட்ட வேண்டும். இருக்கை சன்னலோரமாகக் கிடைத்தால் நல்லது. துடைக்க ஆளை நாங்கள் அனுப்புகிறோம். வாளியை அவரே கொண்டுவருவார்.