விற்பனைக்கு: நாலு கதவு ஹெரால்டு

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இன்று ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் இடத்தில் முன்பு கார் செய்தார்கள் என்று சொன்னால், அங்கே வேலைக்குப் போகிற பிள்ளைகள் நம்புவதில்லை. ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மூன்றே பெயர்கள் சாலையில் ஓடிய காலம். அவற்றில் நம்மூர்க் கார் ஹெரால்டுதான்.

1960களின் பிற்பகுதியில் அவர்கள் கொண்டுவந்த நாலு கதவு ஹெரால்டு ஒன்றை அப்பா வாங்கியிருந்தார். கையில் பணம் இருந்தாலும் அன்று நினைத்தவுடன் கார் கிடைக்காது. பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் ஓடின வண்டிக்கும் கிராக்கி. "கொடுக்கிற மாதிரி இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்று புரோக்கர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அப்பா கொடுக்கவில்லை. பிறகு மாருதி வந்தது, ஹெரால்டு பின்கட்டுக் கொட்டகைக்குள் போனது. அப்பா காலமான பிறகும் அங்கேயே நின்றது. அதைத்தான் நான் விற்றேன்.

அன்று பழைய காரை விற்பதற்கென்று ஒரு முறை இருந்தது. டிங்கரிங் செய்து, துருப்பிடித்து ஓட்டையான இடத்தில் பட்டி வைத்து, மேலே ஒரு கோட் பெயிண்ட் அடித்து, சீட்டுக்குப் புது ரெக்சின் தைத்து நிறுத்துவார்கள். எங்கள் வண்டிக்கும் அப்படிச் செய்யச் சொல்லாத உறவினர் இல்லை. அதற்கு அப்பாவிடம் பணமில்லை. அந்த இல்லாமைதான் இன்று வண்டியின் விலையை உயர்த்தியது. வந்து பார்த்தவர்களில் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது ஒன்றே: "இது கம்பெனி பெயிண்ட்டா?" வெளுத்தும் வெடித்தும் இருந்த அந்தப் பெயிண்ட்டின் மேல் யாரும் கைவைக்கவில்லை என்று தெரிந்ததும் அவர்கள் முகம் மலர்ந்தது. பட்டிக்குக் கீழே என்ன இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது, துரு தெரியும். துருவைப் பார்த்துக் கணக்குப் போடலாம்.

எடைக்குக் கேட்டு வந்தவர்களும் உண்டு. "புதுப்பேட்டைக்குப் போனா இரும்பு விலைதான் சார், நின்ன இடமாவது மிச்சம்" என்றார் ஒருவர். அவர் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வண்டியை எடைக்குப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஹெரால்டின் கட்டுமானமே தனி. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனிக்குப் பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. முழு பாடியாக அடித்துத்தர ஆளில்லாமல், தனிச் சட்டத்தின் மேல் துண்டு துண்டாக நட்டு போல்ட்டில் பூட்டும்படி காரை வடிவமைத்தார்கள். உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜோவான்னி மிக்கெலோட்டி. பானெட்டை முன்பக்கமாகத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து எழும். டயர் மேல் உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். குறுகிய தெருவில் சட்டென்று திரும்பிவிடும். ஆனால் நம் சாலைகளில் அந்தப் பூட்டுகள் எல்லாம் தளர்ந்து கடகடக்கும். அன்று மெக்கானிக்குகள் இதற்காகவே அதைத் திட்டினார்கள். இன்று பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் இதற்காகவே அதை விரும்புகிறார்கள். பாடியைக் கழற்றித் தனியே வைத்துச் சட்டத்தைச் செப்பனிட முடிகிறதே!

உதிரி பாகங்களின் கதை இன்னும் விசித்திரம். பெருங்களத்தூரில் செய்த வண்டிக்கு இன்று இங்கிலாந்திலிருந்து பாகம் தருவிக்கலாம். அங்கே ஹெரால்டு அபிமானிகள் ஏராளம். 948 சிசி இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் வேண்டியது பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. பின்கதவுகள், அவற்றின் கண்ணாடி, பீடிங் எல்லாம் எந்த நாட்டுக் கடையிலும் கிடையாது. மிச்சமிருக்கும் வண்டிகளில் இருப்பவைதான் மொத்தமும்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் வந்ததும் பின்கதவு இரண்டையும் திறந்து பார்த்தார். "இது ரெண்டும் நல்லா இருக்குங்க ஐயா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். சட்டத்தில் இரண்டு இடம் இற்றுப்போனது, டிக்கித் தரை ஓட்டை, இன்ஜின் ஜாம் என்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியனுக்கு கிரீஸ் கூடாது, கியர் ஆயில்தான். அன்றைய சர்வீஸ் ஸ்டேஷன்களில் எல்லா நிப்பிளிலும் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுவார்கள். ஆயில் எட்டாத மரை அரித்துப்போனால், ஓடும்போதே சக்கரம் மடங்கும். அதைக் கழற்றிப் பார்க்காமல் வண்டியை ரோட்டில் இறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

ஆர்.சி. அப்பா பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழ் வைத்து முதலில் என் பெயருக்கு மாற்றிய பிறகே விற்றேன். இந்த வேலையைச் செய்யாமல் விற்றால் வாங்குகிறவர் வருடக்கணக்கில் அலைவார். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கென்று 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். சட்டத்தையும் பாடியையும் இன்ஜினையும் மாற்றிக்கட்டிய வண்டிக்கு அந்தத் தகுதி இல்லை. ஒரு காலத்தில் 'புதுசு மாதிரி ஆக்கிடலாம்' என்று பெருமையாகச் செய்ததெல்லாம் இன்று தகுதியைக் கெடுக்கும் வேலை.

உங்கள் வீட்டுப் பின்புறத்திலோ ஊரில் பூட்டிய வீட்டிலோ இப்படி ஒரு ஹெரால்டு நிற்கலாம். விற்பதானால் பெயிண்ட் அடிக்காதீர்கள். இன்ஜினை வீம்புக்கு ஸ்டார்ட் செய்யாதீர்கள். கழன்று கிடக்கும் பட்டையும் திருகும்கூட ஒரு டப்பாவில் போட்டு வண்டியோடு கொடுங்கள். எடைக்குப் போட்டே தீர வேண்டிய நிலை என்றாலும், நாலு கதவு வண்டியாக இருந்தால் பின்கதவுகளை மட்டுமாவது கழற்றி வைத்துவிடுங்கள். அவற்றுக்காக யாரோ ஒருவர் காத்திருக்கிறார்.