நம்மட நாய் இல்ல

கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊரான கிண்ணியாவில் நாய் வளர்ப்பவர் என்று ஒருவரும் கிடையாது. பெரிய கிண்ணியாவில் தொடங்கிக் குறிஞ்சாக்கேணி வரை வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பாருங்கள். "நாயா? அஸ்தஃபிருல்லாஹ்!" என்றுதான் பதில் வரும். பூனை என்றால் பிரச்சினையில்லை. அது பாயில் படுக்கும், பீங்கானில் வாய் வைக்கும், தொழுகிறவரின் காலைச் சுற்றும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஆனால் ஊரைத் தாண்டி வயல் வட்டைப் பக்கமோ காட்டோரமோ போனால் மாட்டுப் பட்டி இருக்கும் இடமெல்லாம் நாய் இருக்கிறது. அதுவும் பஸ் நிலையத்தில் திரிகிற விலா எலும்பு எண்ணக்கூடிய ரக நாய்கள் இல்லை. உடம்பில் மினுக்கம், உண்ணி எடுத்த காது, நிறைந்த வயிறு. யாருமே வளர்க்காத நாய்க்கு இந்தச் செழிப்பு எப்படி வந்தது என்று விசாரித்தால், நம்முடைய கதாநாயகரிடம் போய்ச் சேர்வீர்கள். பட்டிக்கார ஹாஜியார்.

இவர் தனி ஆள் இல்லை. ஊரில் இந்த ரகத்தில் பலர் இருக்கிறார்கள், எல்லாரையும் சேர்த்து ஒருவராகச் செய்திருக்கிறேன். வயது அறுபதைத் தாண்டும். ஐம்பது அறுபது மாடு, கொஞ்சம் வயல், தயிர் வியாபாரம். கிண்ணியாத் தயிர்ச்சட்டி எந்த ஊருக்குப் போனாலும் அதன் பின்னால் இப்படி ஒரு ஹாஜியாரும், அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி ஒரு நாயும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

"ஹாஜியார், நாய் வளக்கிறீங்களோ?" என்று கேட்டால், "நான் எங்க வளக்கிற? அது பட்டிட நாய். பட்டில நிக்கிது" என்பார். நாய் தானாக வேலைக்கு விண்ணப்பித்து, தானாக நியமனம் பெற்று, தானாகக் கடமையேற்ற மாதிரி இருக்கும் அவர் சொல்வது.

இதில் சும்மா மழுப்பல் என்று ஒன்றும் இல்லை. மார்க்கம் அவருக்குத் தெளிவாகத் தெரியும். கால்நடைக்கும், வயற்காவலுக்கும், வேட்டைக்கும் நாய் வைத்துக்கொள்ள ஹதீஸில் அனுமதி உண்டு. அழகுக்கும் ஆசைக்கும் வைத்தால் அன்றாடம் நன்மையில் வெட்டு விழும். ஆகவே நாய் பட்டியில் நிற்பது கூடும்; அதன் மேல் பாசம் வைத்திருப்பதாக வெளியே தெரிவதுதான் சிக்கல். அதனால்தான் வேட்டை, காவல், மேய்ச்சல் என்ற மூன்றுக்குள்ளும் அடங்காத எதையும் தான் அந்த நாய்க்குச் செய்வதில்லை என்று அவர் காட்டிக்கொள்கிறார். காட்டிக்கொள்வதில் அவ்வளவு தேர்ச்சி போதாது.

அவரிடம் இரண்டு சாரன் உண்டு. ஒன்று பள்ளிச் சாரன், வெள்ளை. மற்றது பட்டிச் சாரன். வாங்கும்போது என்ன நிறம் என்பது கடைக்காரனுக்கே மறந்துபோயிருக்கும். ஷாபி மத்ஹபில் நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணால். காய்ந்த நாய் காய்ந்த துணியில் உரசினால் பாதகமில்லை. ஈரம் இருந்தால்தான் தொல்லை. எனவே மாரி தொடங்கினால் ஹாஜியாருக்கும் நாய்க்கும் இடையிலான தூரம் கூடும், வெயில் வந்தால் குறையும். பட்டிக் கிணற்றடியில் ஒரு சிரட்டையில் சுத்தமான மணலும் அதன் பக்கத்தில் சன்லைட் சவுக்காரமும் நிரந்தரமாக இருக்கும்.

நாய்க்கும் இந்தச் சட்டம் அத்துப்படி. பட்டிச் சாரனோடு வந்தால் வாலை ஆட்டிக்கொண்டு முழங்காலடிக்கு வரும். வெள்ளைச் சாரனும் தொப்பியுமாய் வந்தால் பத்தடி தள்ளி நின்று, வாலை மட்டும் ஆட்டும். இதை யார் பழக்கியது என்று கேட்டால், "மிருகத்துக்கும் ஒரு அறிவு இரிக்கிதானே" என்று அல்லாஹ்வின் கணக்கில் எழுதிவிடுவார்.

கத்தாரிலிருந்து லீவில் வந்த மருமகன் ஒருமுறை, மாலிகி மத்ஹபில் நாய் சுத்தமான பிராணிதான் மாமா, இவ்வளவு பாடுபடத் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தான். ஹாஜியார் கையைக் கழுவிக்கொண்டே, "மாலிக் இமாமுக்கு ஸலாம் சொல்லு மகன். நம்ம ஷாபி" என்றார். அது ஐந்தாவது கழுவலோ ஆறாவதோ. பேச்சுக் கொடுத்ததால் எண்ணிக்கை தவறி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

சாப்பாடு பற்றிச் சொல்லியாக வேண்டும். விளிம்பு உடைந்த தயிர்ச்சட்டிதான் நாயின் பீங்கான். பழஞ்சோறும் மோரும், சில நாளைக்கு வீட்டில் ஆய்ந்த கீரி மீனின் தலைகளும். மீன் தலையை மனைவிக்குத் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு வருவார். மனைவிக்குத் தெரியும். தலை ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஆறோடு ஒரு முழு மீனும் போயிருப்பதும் தெரியும். "பட்டிக்காரப் பொடியனுக்கு" என்பார் இவர். "அவனுக்கு வால் முளைச்சிரிக்கி போல" என்பார் அவர்.

பட்டிக்காரப் பொடியன் ஆலங்கேணியைச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளை. ஹாஜியாரின் மாட்டைத் தகப்பன் காலத்திலிருந்து மேய்க்கிற குடும்பம். அவன் நாயைத் தொட்டுத் தூக்குவான், கொஞ்சுவான், உண்ணி பிடுங்குவான். அவனுடைய வீட்டுத் திண்ணையில் அது படுத்திருக்கும். வைரவரின் வாகனம் ஆயிற்றே என்று அவன் பாட்டி ஒரு வாய் சோறு கூடுதலாக வைப்பாள். அங்கே அதன் பெயர் ராணி. பட்டியில் அதற்குப் பெயர் கிடையாது, ஹாஜியார் சீட்டிதான் அடிப்பார். பெயர் வைத்தால் சொந்தமாகிவிடும் என்பது அவருடைய ஃபத்வா. ஆனால் சீட்டி அடித்தும் வராத நேரத்தில், நாலா பக்கமும் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமுகிற சாக்கில் "ராணி" என்று ஒரு சத்தம் போடுவதை நானே கேட்டிருக்கிறேன்.

நாயின் உத்தியோகம் இரவில். பெரும்போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக்கான கன்னைக் கூட்டத்தில் மாட்டை வட்டையை விட்டு வெளியேற்றத் திகதி வைத்துவிடுவார்கள். அந்தத் திகதியோடு மாடு, பொடியன், நாய், சில நாள் ஹாஜியார், எல்லாரும் காட்டோரத்துக்குக் குடிபெயர்வார்கள். அங்கே கன்றுக்கு நரி வரும், மாட்டுக்குக் கள்ளன் வருவான், சும்மா யானை வரும். பரணில் படுத்துக்கொண்டு குரைப்பை வைத்தே ஹாஜியார் ஆளைச் சொல்வார். இது நரி, எழும்பத் தேவையில்லை. இது மனிசன், டோர்ச்சை எடு. யானைக்குக் குரைக்கிற குரைப்பு மட்டும் வேறு. மிகுந்த வீரத்தோடு தொடங்கும், யானை திரும்பிப் பார்த்ததும் தொனி மாறும், பிறகு நாய் தஞ்சம் தேடிப் பரணடிக்கே ஓடி வரும், யானையையும் கூட்டிக்கொண்டு. குகைத் தோழர்களின் வாசலில் முன்னங்காலை நீட்டிப் படுத்திருந்த நாயைப் பற்றிக் குர்ஆனில் வருகிறது. "அது படுத்துக் கிடந்திச்சி. அந்தக் கெட்டித்தனம் இதுக்கில்ல" என்பது ஹாஜியாரின் வருத்தம்.

இனி ஊசிக் கதைக்கு வருவோம். விசர்நாய்க் கடிக்கு எதிரான தடுப்பூசியை நாய்களுக்கு அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது. வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும். முகாம் நடக்கிற நாளில் ஊரின் பொறுப்புள்ள மனிதர்களில் பாதிப்பேர் வேலையாக இருப்பார்கள். ஹாஜியார் மோட்டார் சைக்கிளில் மெதுவாக வருவார், பின்னால் நாய் ஓடி வரும். பார்த்தால் நாய் இவரைத் துரத்துகிற மாதிரிதான் இருக்கும்; அப்படித் தெரிவதில் அவருக்கும் ஆட்சேபம் இல்லை.

சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ., தடுப்பூசி அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கேட்பார்.

"நாய்ட சொந்தக்காரர் பேர்?"

"பட்டிட நாய் சேர்."

"பட்டி ஆர்ட?"

"பட்டி நம்மடதான்."

"மாடு?"

"மாடும் நம்மடதான் சேர்."

"அப்ப நாய்?"

"நாய் பட்டிட."

நாய்க்குச் சொந்தக்காரன் ஒருவன் இருந்தே ஆக வேண்டும் என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். விசர்நாய்ச் சட்டம் 1893 இல் வந்தது, நாய்ப் பதிவுச் சட்டம் 1901 இல். நாயை வைத்திருக்கிறவன் உள்ளூராட்சி மன்றத்தில் பதிய வேண்டும் என்று எழுதிய துரை, வைத்திருந்தும் வைத்திராத ஒரு மனிதனைக் கற்பனை செய்திருக்க முடியாது. சொந்தக்காரன் இல்லாத நாய்க்கு அந்தக் காலத்தில் மரணம்தான் தீர்ப்பு. பிடித்துக் கொல்வதை அரசாங்கம் கைவிட்டது 2006 இல்தான். அதன் பிறகு ஊசி போடுவதும் கருத்தடை செய்வதும்தான் வழி என்றாகிவிட்டது. ஆகவே பெயர் எழுதுவதில் முன்னைப் போல உயிர்ப் பிரச்சினை இல்லை, மானப் பிரச்சினை மட்டுமே. கடைசியில் ஆலங்கேணிப் பொடியனின் பெயரில் அட்டை எழுதப்படும். அட்டை ஹாஜியாரின் சட்டைப் பைக்குள், தேசிய அடையாள அட்டைக்குப் பக்கத்தில், பொலித்தீன் சுற்றிப் பத்திரமாக இருக்கும்.

அதன் அருமை தெரிந்தது, பால் எடுக்க வந்த தம்பியின் கெண்டைக்காலை நாய் ஒருநாள் பதம் பார்த்தபோது. புதுத் தம்பி, இருட்டில் சொல்லாமல் பட்டிக்குள் வந்துவிட்டான். கூடியவர்களில் ஒருவர் கோப்பித்தூள் வை என்றார், ஒருவர் மிளகாய்த்தூள் என்றார், ஒருவர் ஓதிப் பார்க்க ஆளைக் கூட்டிவரப் புறப்பட்டார். ஹாஜியார் எல்லாரையும் தள்ளிவிட்டு, காலைக் கிணற்றடியில் வைத்து, சவுக்காரம் போட்டுக் கால் மணித்தியாலம் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கிணற்றடி மணலை மட்டும் தொடவில்லை. அது சட்டிக்கும் சாரனுக்கும் வைத்த மணல், காயத்துக்கு இல்லை. "ஓதுற பொறகு ஓதலாம். முதல்ல ஊசி" என்று சொல்லித் தம்பியைத் தன் மோட்டார் சைக்கிளிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டொக்டர் கேட்ட முதல் கேள்வியே, யாருடைய நாய், ஊசி போட்டதா என்பதுதான். பைக்குள் இருந்து பொலித்தீன் வந்தது. அட்டையைப் பார்த்த டொக்டருக்கு நல்ல திருப்தி. நாயைக் கட்டி வைத்து இரண்டு கிழமை கவனிக்க வேண்டும், யார் பார்ப்பது என்றார். "நான் பாக்கிறன்" என்றார் ஹாஜியார். "அப்ப ஒங்கட நாய்தானே?" ஹாஜியார் கொஞ்சம் யோசித்தார். "கடிச்ச கடி நம்மட, டொக்டர். நாய் பட்டிட."

பின்னேரம் அந்தத் தம்பியின் வீட்டுக்கு ஒரு சட்டித் தயிர் போனது. ஊசி முடியும் வரை, போட வேண்டிய நாளை அவன் உம்மாவுக்கு முன்னரே ஹாஜியார் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்.

பெட்டைக் குட்டிகளின் கதை ஊருக்குப் பொதுவான வெட்கம். ஆண் குட்டிக்கு ஆள் கிடைக்கும். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியிலும் பாலத்தடியிலும் விட்டுவிட்டுப் போவார்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்குமுன் பாதை என்கிற மிதவையில் ஏற்றிக் கொண்டுபோய் அக்கரையில் விடுவதும், விட்ட நாய் அடுத்த பாதையில் ஏறி இக்கரைக்குத் திரும்பி வருவதும் நடந்ததாகச் சொல்வார்கள். பட்டி நாயும் அப்படி ஒரு சாக்கிலிருந்து வந்ததுதான். ஆகவே ஹாஜியாரின் பட்டியில் குட்டி போட்டால் ஆணோ பெட்டையோ எல்லாவற்றுக்கும் அவரே இடம் பார்ப்பார். ஒரு குமரைக் கரைசேர்க்கிற வாப்பாவுக்கும் இவ்வளவு விசாரணை இருக்காது. மாடு இரிக்கா? எத்தினை? கட்டி வைக்கிற ஆளா, கல்லால அடிக்கிற ஆளா? ஊசிக்குக் கொண்டு போவியா? பெட்டைக்குக் கருத்தடை செய்ய வரச்சொன்னா வருவியா?

போன மாதம் சூரங்கல் பக்கத்துப் பொடியன் ஒருவன் வந்தான். அவனிடம் மாடு இல்லை, வயல் இல்லை. இரண்டு ஆடு இருந்தது.

"ரெண்டு ஆடு காணுமா ஹாஜியார்?"

ஹாஜியார் தாடியைத் தடவினார். "கிதாபுல ஆடு எண்டுதான் இரிக்கி. எத்தினை எண்டு இல்ல" என்று சொல்லி, காதில் வெள்ளைப் புள்ளி போட்ட பெட்டைக் குட்டியைக் கொடுத்தனுப்பினார்.

நாலைந்து நாள் கழித்து அஸருக்குப் பிறகு சூரங்கலில் மோட்டார் சைக்கிள் சத்தம். சும்மா இந்தப் பக்கம் வந்தாராம்.

"ஆடு எப்பிடி இரிக்கி மகன்?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இரிக்கி."

"ராவைக்கு அழுகுதா?"

"முதல் ரெண்டு நாள் அழுதிச்சி ஹாஜியார். இப்ப இல்ல."

"மெலிஞ்சிட்டு போல" என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பிறகு ஹாண்டிலில் தொங்கிய பையை எடுத்து நீட்டினார். "இந்தா, ஆட்டுக்குக் குடு."

பொடியன் பையைத் திறந்து பார்த்தான். கீரி மீன் தலை.

"ஆடு மீன் தின்னுமா ஹாஜியார்?"

"இந்த ஆடு தின்னும்" என்று சொல்லி மோட்டார் சைக்கிளை உதைத்தார் ஹாஜியார்.