வெள்ளைச் சப்பாத்துப் போட்ட புலிக்குட்டி

வாங்க மனே, வாங்க. குடும்பிமலைப் பக்கம் போயிட்டு உசிரோட கிறுகி வந்திருக்கிறீங்க. அதுவே பெரிய காரியம். "புலிக்குட்டி எங்களைப் பார்த்து உறுமினது!" எண்டு கரடியனாற்றுச் சந்தியில நிண்டு நீங்க போட்ட சத்தத்துக்கு, பதுளை வீதியில போன பஸ் சனமெல்லாம் எட்டிப் பார்த்தது. வீடியோவும் பார்த்தன். கொஞ்ச நேரம் காடு ஆடுது, மறுகா உங்கட சப்பாத்து ஆடுது, கடைசியில பத்தைக்குள்ள ரெண்டு கண் மினுங்குது. படம் எடுத்த தம்பிக்குக் கை நடுக்கம் நிக்க ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுங்க.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேக்கிறன். அந்தப் புலிக்குட்டிக்கு நாலு பாதமும் வெள்ளை, நெஞ்சும் வெள்ளை, முதுகு செம்பட்டை. சரிதானே? வெள்ளைச் சப்பாத்துப் போட்ட புலி மட்டக்களப்பில பள்ளிக்கூடம் போகும் மனே, குடும்பிமலையில திரியாது.

இந்தத் தீவுக் காட்டில வரிப்புலியே இல்லை. நாங்க வாய்க்கு வந்தபடி புலி எண்டு சொல்றது சிறுத்தையை. குடும்பிமலையில வேற புலி தேடின சண்டைக்காலம் ஒண்டு இருந்தது. அது வேற கதை, அதை இப்ப அவிழ்க்க வேணாம்.

பூனைச் சாதியில இலங்கைக் காட்டுக்கு உறுதி வைச்சிருக்கிற காணிக்காரர் நாலே நாலு பேர். பெரிய போடியார் சிறுத்தை. அவரை நீங்க காண முதல் அவர் உங்களைக் கண்டு, "இதுகளோட என்ன கதை" எண்டு போயிருப்பார். ரெண்டாவது மீன்பிடிப் பூனை. சாம்பல் உடம்பில கறுப்புப் புள்ளி வரிசை, கட்டையான வால், முன்னங்கால் விரலுக்கிடையில சவ்வு. குளத்துக் கரையில குந்தியிருந்து தண்ணிக்குள்ள பாய்ஞ்சு மீன் பிடிக்கும். தூண்டிலும் வேணாம், மீன்பிடி அனுமதியும் வேணாம். கொழும்புச் சதுப்பு நிலத்திலயும் அது சீவிக்குதாம், பக்கத்து மாடிவீட்டுக்காரருக்குத் தெரியாமலே. மூண்டாவது காட்டுப்பூனை. மணல் நிறம், நெடுங்கால், காது நுனியில சின்னக் கறுப்புக் குஞ்சம், கட்டை வாலின்ர முடிவில கறுப்பு வளையம். நாலாவது துருப்புள்ளிப் பூனை. உலகத்திலயே ஆகச் சின்னப் பூனைகளில ஒண்டு. வளர்ந்து முடிஞ்சாலும் ஒண்டரைக் கிலோ அளவுதான். உங்கட பையில கிடந்த பிஸ்கட்டுப் பக்கற்றெல்லாத்தையும் சேர்த்து நிறுத்தா அதை விடப் பாரம் வரும்.

இந்த நாலு பேரிலயும் வெள்ளைச் சப்பாத்துப் போட்டவர் இல்லை. செம்பட்டையும் வெள்ளையுமாத் திட்டுத் திட்டாக் கிடக்கிறவர் இல்லை. நீண்டு மெலிஞ்ச வாலை நிமித்திக்கொண்டு போறவர் இல்லை. நீங்க கண்டது காணி உறுதி இல்லாத குடியேற்றக்காரர். அடுப்பங்கரையில பிறந்து காட்டுக்குப் போன பூனை.

"அது எப்படிக் காட்டுக்கு வந்தது?" எண்டு கேக்கிறீங்க. நல்ல கேள்வி. பதில்தான் நல்லா இருக்காது.

பூனையை மனுசன் பிடிச்சுக் கட்டி வளர்த்தது எண்டு நினைக்காதேங்க. அது எலியைத் தேடித் தானா வந்தது. மத்திய கிழக்கில மனுசன் தானியத்தைக் குவிச்சு வைச்சான், எலி வந்தது, எலிக்குப் பின்னால பூனை வந்தது. சைப்ரஸ் தீவில 9500 வருசத்துக்கு முந்தின புதைகுழி ஒண்டில மனுசனுக்குப் பக்கத்தில பூனையையும் கண்டெடுத்தாங்கள் எண்டு பேரன் படிச்சுக் காட்டினவன். அந்த ஒப்பந்தம்தான் இண்டைக்கும் எங்கட களவெட்டியில நடக்குது. சூடு மிதிச்சு நெல் குவிஞ்சா எலி, எலி குவிஞ்சா பூனை. வெள்ளாமை முடிஞ்சு வாடியைப் பிரிச்சுக்கொண்டு நாங்க போவம். பூனையிட்ட ஆரும் சொல்லிட்டுப் போறதில்லை.

மறுகா சண்டைக் காலம். 2007 மார்ச்சில படுவான்கரைச் சனம் கையில அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு முகாம்களுக்கு ஓடினது. மாட்டை அவிழ்த்து விட்டம். நாய் கொஞ்சத் தூரம் பின்னால வந்தது. பூனையை ஆர் கூப்பிட்டது? அது சாம்பலுக்குள்ள சுருண்டு கிடந்தது. நாங்க கிறுகி வரேக்க அடுப்புமில்லை, கூரையுமில்லை. பூனைக்கும் ஊர்ப்பழக்கம் விட்டுப் போயிட்டுது.

அதெல்லாம் கஷ்டகாலக் கதை, மன்னிக்கலாம். மன்னிக்கேலாத கதை ஒண்டு இருக்கு, அது பட்டணத்துக் கதை. வீட்டுப் பூனை குட்டி போடும். ஆறு மாசத்தில பருவத்துக்கு வரும், ஒம்பது கிழமை வயித்தில சுமக்கும், மறுகாவும் மறுகாவும் போடும். கருத்தடைக்குக் கொண்டு போக ஒருத்தருக்கும் நேரமில்லை. ஆனா சாக்குத் தேட நேரமிருக்கு. செங்கலடிக் கறுத்தப் பாலத்தைத் தாண்டினா பூனைக்கு வழி மறந்து போகும் எண்டு பட்டணத்தில ஒரு சாத்திரம். பொழுதுபட்ட பிறகு மோட்டார் சைக்கிள் வரும், சாக்கு அவிழும், மோட்டார் சைக்கிள் போகும். கொல்லவும் இல்லை, வளர்க்கவும் இல்லை, புண்ணியம் மட்டும் மிச்சம். ஆகையால மனே, அது உங்களைப் பார்த்து உறுமல்லை. சீறினது. பழைய எசமானரை அடையாளம் கண்டுட்டுது.

அதுக்காக "ஐயோ பாவம்" எண்டு டின்மீனை உடைச்சு வைச்சீங்களே, அதுதான் ரெண்டாம் பிழை. சாக்கில விட்டவன் குட்டியைக் கொண்டு வந்தான், நீங்க அதுக்குச் சமைச்சுப் போட்டீங்க. வயிறு நிறைஞ்சாலும் பூனை வேட்டையை விடாது. காட்டுக்கோழிக் குஞ்சு, ஓணான், அரணை, நிலத்தில கூடு கட்டுற குருவி எல்லாம் அதுக்குக் கைப்பழக்கம். இலங்கைக் காட்டுக்கோழி இந்த நாட்டின்ர தேசியப் பறவை. தேசியப் பறவைக்கு எதிரா டின்மீன் குடுத்துப் படை சேர்க்கிறது நல்லாவா இருக்கு?

நியூசிலாந்தில ஸ்டீபன்ஸ் தீவு எண்டு ஒரு சின்னத் துண்டு நிலம். 1894 அளவில அங்க கலங்கரை விளக்கம் கட்டி ஆக்கள் குடியேற, பூனையும் போய்ச் சேர்ந்தது. அங்க பறக்கத் தெரியாத குருவி ஒண்டு இருந்தது. பூனை ஒவ்வொண்டாப் பிடிச்சுக் கொண்டந்து வாசலில போட்டதாலதான் அப்படி ஒரு குருவி இருக்கிறதே வெளியுலகத்துக்குத் தெரிஞ்சதாம். தெரிஞ்ச கையோட இனமே முடிஞ்சுது. அவுஸ்திரேலியாவில இந்த வில்லங்கம் முத்தி, 2015இல அரசாங்கமே அஞ்சு வருசத்தில 20 லட்சம் காட்டேறின பூனைகளை அழிக்கிறது எண்டு இலக்கு வைச்சது. ஒருத்தன் அவிழ்த்த சாக்கைக் கட்ட ஒரு அரசாங்கம் தேவைப்படுது, பாருங்க.

அந்தச் சிவப்புச் சேட்டுத் தம்பி, கையை ஏன் பின்னால மறைக்கிறீங்க? கீறிப்போட்டுதா? தடவப் போனீங்களாக்கும். காட்டேறின பூனைக்கு நீங்க தடவுறதும் நரி பிடிக்கிறதும் ஒண்டுதான். சிரிக்காதேங்க, இனிச் சொல்றது பகிடி இல்லை. சவர்க்காரம் போட்டு, ஓடுற தண்ணியில கால் மணித்தியாலம் கழுவுங்க. கோப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் ஒண்டும் அப்ப வேணாம். விசர்நோய் நாயால மட்டும் வாறதில்லை, பூனையாலும் வரும். நோய்க்குறி தெரிஞ்ச பிறகு வைத்தியமில்லை, அதுக்கு முதல் ஊசி இருக்கு. அரசாங்க ஆசுபத்திரியில காசில்லாமல் போடுவாங்கள். இரவாகுது, நாளைக்குப் பார்ப்பம் எண்டு படுக்காதேங்க. ஊசிக்குப் பயமெண்டா நான் கூட வாறன், கையைப் பிடிச்சுக்கொள்ள.

மூண்டாவது ஆள், பையைத் திறவுங்க. நினைச்சன்! குட்டி. "தாயில்லாமல் கிடந்தது" எண்டு ஆர் சொன்னது? நீங்க அஞ்சு பேர் கூவிக்கொண்டு போனா எந்தத் தாய் வெளிய வரும்? இரை தேடப் போன தாய் இருட்டின பிறகு வந்து தேடும். இந்தியாவில மகாராஷ்டிராவின்ர ஜுன்னார்ப் பக்கம் கரும்பு வெட்டேக்க இப்படிக் குட்டிகளைக் காண்பாங்கள். சிறுத்தைக் குட்டியும் இருக்கும், துருப்புள்ளிப் பூனைக் குட்டியும் இருக்கும். அங்க ஆக்கள் என்ன செய்றாங்கள் தெரியுமா? குட்டியைக் கண்ட அதே இடத்தில பெட்டியில வைச்சிட்டுத் தூர நிப்பாங்கள். இரவில தாய் வந்து கவ்விக்கொண்டு போகும். உங்கட பையில கிடக்கிறது ஊர்ப்பூனைக் குட்டியெண்டா நீங்களே கொண்டுபோய் வளருங்க, பருவம் வர முதல் மிருக வைத்தியரிட்ட காட்டுங்க. துருப்புள்ளிக் குட்டியெண்டா வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்க. அதுகளைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கு. "வடிவா இருந்தது ஐயா" எண்டு நீதவானிட்டச் சொன்னா, அவர் அதை வாக்குமூலத்தில எழுதிக்கொள்ளுவார்.

இனி முக்கியமான புத்தி. பூனையைக் கண்டு ஓடின நீங்க, ஓட வேண்டிய இடத்தில நிண்டு படம் எடுத்தீங்களாம். பாலை மரத்தடியில! பாலைப்பழம் பழுக்கிற காலத்தில கரடி மரத்தில ஏறியிருந்து தின்னும். அதுக்குக் கண்ணும் மந்தம், காதும் மந்தம். சத்தமில்லாமல் கிட்டப் போய்த் திடுக்கிட வைச்சீங்களோ, முகத்தைத்தான் தேடி வரும். இந்தப் பக்கத்துக் காட்டில தேன் எடுக்கப் போறவங்களைக் கேளுங்க, சிறுத்தையை விடக் கரடிக்குத்தான் பயம் எண்டு சொல்வாங்கள். உகந்தமலையால குமணக் காட்டுக்குள்ள நுழைஞ்சு கதிர்காமத்துக்கு நடக்கிற சாமிமாரைப் பாருங்க. செருப்பில்லை, கம்பாஸ் இல்லை, கூட்டமாப் போறாங்க, "அரோகரா" எண்டு உரக்கச் சொல்றாங்க. முருகனுக்கு மெல்லச் சொன்னாலும் கேக்கும். கரடிக்குத்தான் உரக்கச் சொல்ல வேணும்.

யானைக்குக் கதை மாறும். அவரிட்ட அரோகராவும் வேணாம், பட்டாசும் வேணாம். பச்சைப் பிண்டத்தைக் கண்டா வந்த வழியால கிறுகுங்க. பொழுது சாய முதல் றோட்டுக்கு வந்திடுங்க. குளத்துப் பக்கம் பின்னேரம் அவருடைய நேரம், உங்கட சூரியாஸ்தமனப் படத்துக்கு அவர் ஒதுங்கி நிக்க மாட்டார்.

பூனையால ஒரு உபகாரமும் இருக்கு, மறைக்கக் கூடாது. வழி தவறித் திரியேக்க வெள்ளைச் சப்பாத்துக்காரரைக் கண்டா மனசை விடாதேங்க. ஊர்ப்பூனை பெரும்பாலும் ஊர் விளிம்பை விட்டு நெடுந்தூரம் போகாது. கிட்டடியில ஒரு வாடியோ மாட்டுப் பட்டியோ இருக்கலாம். போனில கோடு இல்லாத இடத்தில அதுதான் கோடு. கலைக்காதேங்க, பிடிக்காதேங்க, தீன் வைக்காதேங்க. விலகிப் போங்க. அது போற பக்கம் மட்டும் பார்த்து வைங்க.

அடுத்த முறையும் வாங்க, வழி சொல்றன். என்னட்டத் தயிர்ச் சட்டி வாங்கினா இன்னும் நல்ல வழி சொல்றன். ஆனா ஒண்டு, நீங்க வாற வேனின்ர பின்கதவைத் திறந்து காட்டிட்டுத்தான் அங்கால போகலாம். சாக்கு ஏதும் அசைஞ்சுதெண்டா, வந்த வேனிலேயே உங்களையும் சாக்கையும் ஏத்தி, கறுத்தப் பாலத்துக்கு அங்கால விட்டுட்டு வருவன். உங்களுக்கு வழி மறக்குதோ எண்டு பார்ப்பம்.