மதிலால் எட்டிப் பார்க்காமலே

ஒஸ்லோவில் யார் வீட்டுப் பல்கனி நீளுகிறது, யார் கூரையில் ஜன்னல் முளைக்கிறது என்று அறிய மதிலால் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. மாநகரசபையின் திட்டமிடல், கட்டடத் திணைக்களம் கோப்பையே இணையத்தில் விரித்து வைத்திருக்கிறது. 2009இல் நடைமுறைக்கு வந்த தகவல் சட்டத்தின் கீழ் யாரும் கேட்கலாம். ஏன் என்று சொல்ல வேண்டியதுமில்லை.

வேலை தேடும் ஒப்பந்தக்காரருக்கு வேறென்ன வேண்டும்? ஊரில் வாசலில் மணல் பறித்த பிறகுதான் மேசன் வந்து நிற்பார். இங்கே வீட்டுக்காரர் மனைவியிடம் கணக்குச் சொல்வதற்கு முன்பே தபாற்பெட்டியில் விலைக்கூறு கிடக்கும். ஒஸ்லோவின் ஸ்டொவ்னர் பக்கம் ஒரு கோப்பைத் திறந்தால் வரைபடம், அளவு, விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயர் எல்லாம் இருக்கும். அந்தக் கடைசிப் பெயரைப் பார்த்ததும்தான் முகம் சுருங்கும்: வேலை ஏற்கெனவே யாருடைய பையிலோ.

கையில் வேலை இல்லாத சின்ன மேசனுக்கு ஏற்றது கராஜ். ஆனால் 2015 முதல் 50 சதுர மீட்டர் வரையான தனிக் கராஜுக்குப் பெரும்பாலும் அனுமதியே வேண்டாம். ஆகவே விண்ணப்பக் கோப்பும் இருக்காது.

கெட்டிக்காரர் பழைய கோப்பைத்தான் தோண்டுவார். 3 வருடத்தில் வேலை தொடங்காவிட்டால் அனுமதி காலாவதி. இரண்டரை வருடமாகக் கிடப்பது எதுவென்று பார்த்து, "அண்ணை, இன்னும் ஆறு மாசம்தான் இருக்கு" என்று ஒரு போன் போடுவார்.