அசெம்பிள் அண்ணன்

தெருவுக்கு ஒருவர் இருப்பார். வயது முப்பதிலிருந்து நாற்பத்தைந்துக்குள் எங்கோ. பேங்க் உத்தியோகமோ, ஐடி கம்பெனியோ, சொந்தமாக ஜெராக்ஸ் கடையோ, எதுவாகவும் இருக்கலாம். அது அவருடைய பகல் நேரத்து வேஷம். தெருவைப் பொறுத்தவரை அவர் அசெம்பிள் அண்ணன். கடையில் முழுசாக விற்கிற கம்ப்யூட்டரை அவர் தொடமாட்டார். கேபினெட் தனி, மதர்போர்டு தனி, ப்ராசஸர் தனி என்று உதிரியாக வாங்கித் தன் கையால் பூட்டினால்தான் அது சிஸ்டம். மற்றதெல்லாம் டப்பா.

அவரை அடையாளம் காண்பது சுலபம். அவர் வீட்டு சிஸ்டத்தின் பக்கக் கதவு எப்போதும் கழன்று சுவரில் சாய்ந்திருக்கும். ஸ்க்ரூ எல்லாம் ஊறுகாய் பாட்டில் மூடியில் கிடக்கும். லாஃப்டில் பலகாரப் பாத்திரங்கள் இருக்கவேண்டிய இடத்தில் காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். "இதையெல்லாம் எடைக்குப் போடட்டுமாடா?" என்று போகிக்கு முன்னால் அம்மா வருஷா வருஷம் கேட்பார். "வாரண்டிக்கு வேணும்மா" என்பார் அண்ணன். பாதிப் பெட்டிகளின் வாரண்டி முடிந்து வெகுகாலம் ஆயிற்று. மீதிப் பெட்டிகளுக்குரிய பொருளே வீட்டில் இல்லை. ஆனால் பெட்டி இருந்தால் விற்கும்போது விலை கூடும் என்பது அவர் கட்சி. இதுவரை எதையும் விற்றதில்லை என்பது அம்மாவின் கட்சி.

இவர்கள் பிரௌசிங் சென்டர் காலத்தில் உருவானவர்கள். 2000-ல் வந்த ப்ராஜெக்ட் ஐஜிஐ ஆட்டத்தை மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடியவர்கள். அதில் மிஷனுக்கு நடுவே சேவ் பண்ண வழி கிடையாது. பத்துக் காவலர்களைத் தாண்டி, சுவரேறி, முக்கால்வாசி முடித்திருக்கும்போது சென்டர்காரர் வந்து, "தம்பி, டைம் முடிஞ்சுபோச்சு" என்று தோளைத் தட்டுவார். அன்றைக்கே தனக்கென்று ஒரு சிஸ்டம் வாங்குவதென்று சபதம் எடுத்தாயிற்று. அப்பாவிடம் சொன்ன காரணம், படிப்பு. 2020 லாக்டவுனில் காரணம், ஒர்க் ஃப்ரம் ஹோம். பிறகு கொஞ்ச நாள் வீடியோ எடிட்டிங். இப்போது ஏஐ கற்றுக்கொள்கிறார். காரணங்கள் காலத்துக்கேற்ப மாறினாலும், எல்லாக் காரணங்களுக்கும் கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

சிஸ்டத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்ற முடியாது என்பதை அண்ணன் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடிப்பார். அவரிடம் இருந்தது நாலாம் தலைமுறை ஐ5, கூடவே ஒரு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 75 வாட்டில் அடங்குகிற சாதுவான கார்டு. ஸ்லாட் வழியாக வருகிற கரண்டே போதும், தனி வயர் கேட்காது. "கார்டு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கி வந்தார். அது 170 வாட். தனியாக எட்டு பின் வயர் கேட்டது. கரண்ட் கொடுக்கிற பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயரே கிடையாது. எஸ்எம்பிஎஸ் வந்தது. கார்டு மூன்று ஃபேனோடு ஓரடி நீளம். பழைய கேபினெட்டில் ஹார்டு டிஸ்க் கூண்டு வழிமறித்தது. கேபினெட் வந்தது. எல்லாம் பூட்டி ஓட்டிப் பார்த்தால், நாலு கோர் ப்ராசஸர் நூறு சதவீதத்தில் முக்கிக்கொண்டிருக்க, கார்டு பாதி நேரம் சும்மா இருந்தது. "பாட்டில்நெக்" என்றார் அண்ணன், டாக்டர் குரலில். புது ப்ராசஸர் பழைய போர்டில் உட்காராது; புது போர்டில் டிடிஆர்3 ரேம் நுழையாது. கடைசியில் பழைய சிஸ்டத்திலிருந்து மிஞ்சியவை மானிட்டரும் அதன் மேல் ஒட்டியிருந்த பிள்ளையார் ஸ்டிக்கரும். மானிட்டர் வெறும் 60 ஹெர்ட்ஸ் என்று தெரியவந்த வாரம் பிள்ளையாரும் இடம்பெயர்ந்தார்.

சென்னை அண்ணன்கள் இதற்கெல்லாம் சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போவார்கள். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் பக்கத்திலேயே நரசிங்கபுரம் தெரு. இரண்டு தெருவிலும் ஒவ்வொரு கடையிலும் ஒரே பொருளை விலை கேட்டு, மறுபடி முதல் கடைக்கே வந்து நிற்பார் அண்ணன்.

"ஆன்லைன்ல இதைவிடக் கம்மியா போட்டிருக்கானே?"

"அப்ப அங்கேயே வாங்கிக்குங்க சார். நாளைக்கு ஃபெயிலாச்சுன்னா அவன் கடை வாசல்ல வந்து நின்னு கத்த முடியுமா?"

இந்த ஒரு கேள்வியில் அண்ணன் விழுந்துவிடுவார். கத்தும் சுபாவம் அவருக்கு இல்லைதான். கத்தும் உரிமையை விட்டுக்கொடுக்க மனமில்லை. பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கும். வீட்டில் அவர் சொல்கிற விலை ஏறக்குறைய அந்த 18 சதவீதம் மட்டும்.

செகண்ட்ஹேண்ட் கார்டு வாங்கும்போது அவரைப் பார்க்கவேண்டும். 2021 வாக்கில் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனதில் விலை எங்கோ போயிற்று. 2022 செப்டம்பரில் அந்த நாணயங்களில் ஒன்றான எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. கார்டை வைத்து அதைத் தோண்டும் வேலை ஒரே நாளில் நின்றது. அதுவரை இரவு பகலாக உழைத்த கார்டுகள் எல்லாம் "வீட்டு யூஸ் சார், பையன் லீவுல மட்டும் கேம் ஆடுவான்" என்ற அறிமுகத்தோடு சந்தைக்கு வந்தன. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர் மாதிரி அண்ணன் கார்டைப் புரட்டுவார். ஸ்க்ரூ தலையில் கீறல் உண்டா? தெர்மல் பேட் எண்ணெய் கக்கியிருக்கிறதா? ஃபேனை விரலால் சுண்டினால் கரகரக்கிறதா? கடைசியாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்ப்பார். அந்த வாசனையிலிருந்து அவருக்கு என்ன தெரிகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் விற்பவர் உடனே ஐந்நூறு ரூபாய் குறைத்துவிடுவார்.

அசெம்பிள் செய்யும் நாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசை பறிமுதலாகும். குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிடும். பாலியஸ்டர் உடுத்திய யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது, ஸ்டேட்டிக் பாயும். அண்ணன் கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொண்டு ஆரம்பிப்பார். ப்ராசஸர் மேல் தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவா, கோடாகவா, பெருக்கல் குறியாகவா என்று தனக்குத் தானே ஒரு பட்டிமன்றம் நடத்தி, பட்டாணிக்குத் தீர்ப்பளிப்பார். கூலரைப் பூட்டிய பிறகுதான் அதன் அடியில் "ஒட்டுவதற்கு முன் உரிக்கவும்" என்றிருந்த பிளாஸ்டிக் தாள் நினைவுக்கு வரும். கழற்றி, துடைத்து, மறுபடி பட்டாணி. போர்டை ஒன்பது ஸ்க்ரூ போட்டு முடுக்கியதும், பின்பக்க ஓட்டையை மூடவேண்டிய தகடு மேசைக்கடியிலிருந்து கிடைக்கும். எல்லாவற்றையும் கழற்றவேண்டும். மூன்று மணிக்கு முடிக்கவேண்டியது ஏழு மணிக்கு முடியும். சாமி விளக்கேற்றும் நேரம். குடும்பமே கூடி நிற்க, பவர் பட்டனை அமுக்குவார்.

ஒன்றும் ஆகாது.

"அப்பா, பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கே, அது எதுக்கு?" என்பாள் மகள்.

"எஸ்எம்பிஎஸ் சுவிட்ச்சும்மா. சேஃப்டிக்காக நான்தான் ஆஃப்ல வெச்சிருந்தேன்."

சொந்த சிஸ்டத்தில் இவ்வளவு தடுமாறுகிற இதே மனிதர், அடுத்தவர் சிஸ்டம் என்று வந்துவிட்டால் நிதானத்தின் உருவம். திருச்சியிலிருந்து மாமா போன் பண்ணுவார்.

"சிஸ்டம் ஆன் ஆகல மாப்ள."

"ஃபேன் சுத்துதா மாமா?"

"சுத்துது."

"பீப் சத்தம் ஏதாவது கேக்குதா?"

"குக்கர் சத்தம்தான் கேக்குது."

"கடைசியா என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணுமே பண்ணல மாப்ள."

இந்தக் கடைசி பதில் ஒருபோதும் உண்மையாக இருந்ததில்லை என்பது அண்ணனின் அனுபவம். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது சிஸ்டத்தைப் படுக்கவைத்து நகர்த்தியது வெளியே வரும். "ரேமைக் கழட்டுங்க மாமா. பேரன்கிட்ட ரப்பர் இருக்கும், வாங்கி அந்தத் தங்கக் கலர் காலை மெதுவா தேச்சுட்டு, 'டக்'குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்குங்க." பெரும்பாலும் டிஸ்ப்ளே வந்துவிடும். கடிகாரம் தினமும் பழைய வருஷத்துக்குப் போகிறதென்றால், போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி. பெட்டிக்கடைக் காசில் தீர்கிற விஷயம். அறுபதாயிரம் போட்டு வாங்கியும் கேம் ஓடவில்லை என்று அழுகிற பையன் வீட்டில், மானிட்டர் வயர் கார்டில் இல்லாமல் மதர்போர்டில் சொருகியிருக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர் இரண்டு வருஷமாக விண்டோஸ் செட்டிங்கில் 60-லேயே பார்த்து, "என்ன ஒரு ஸ்மூத்!" என்று ரசித்துக்கொண்டிருப்பார். அண்ணன் சிரிக்கமாட்டார். மாற்றிக் கொடுத்துவிட்டுக் காபி சாப்பிடுவார். ஃபீஸ் அவ்வளவுதான்.

கழற்றிப் போட்ட பழைய பாகங்கள் எங்கே போகின்றன என்று பார்த்தால் உறவின் நெருக்கம் புரியும். கார்டு மச்சினனுக்கு. ப்ராசஸரும் போர்டும் அக்கா பையனுக்கு. ரேம் ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கு. வரப்புத் தகராறு உள்ள பங்காளிக்குப் பவர் கேபிள் மட்டும். கொடுப்பது இலவசம் என்று வாங்குகிறவர் நினைக்கிறார். ஆயுள் முழுக்க சர்வீஸும் சேர்ந்தது என்பது கொடுத்தவருக்குத்தான் தெரியும். மச்சினன் வீட்டில் மழைக்கு வைஃபை வரவில்லை என்றாலும், "நீங்க குடுத்த கார்டு போட்டதுலேர்ந்துதான் மாமா இப்படி" என்று போன் வரும்.

அக்னி நட்சத்திரம் வந்தால் அவர் படுகிற பாடு தனி. கேபினெட்டுக்குள் ஆறு ஃபேன் வைத்திருந்தும், வெளியே ஒரு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு, தான் வியர்வையில் உட்கார்ந்திருப்பார். கரண்ட் போனால் 600 விஏ யுபிஎஸ் ஒரு கத்துக் கத்திவிட்டுப் படுத்துவிடும். அது தாங்குவது சுமார் 360 வாட், அவர் சிஸ்டம் அதைத் தாண்டி நெடுநாளாயிற்று. கரண்ட் பில்லுக்கும் கணக்கு வைத்திருக்கிறார். 400 வாட், தினம் நாலு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 96 யூனிட். ஆக, அரசாங்கம் இலவசமாகத் தருகிற 100 யூனிட் தன் சிஸ்டத்துக்காகத்தான். பில்லில் வருகிற தொகை முழுவதும் ஃப்ரிட்ஜ், மிக்ஸி வகையறாவின் ஊதாரித்தனம்.

அவர் எல்லோருக்கும் போதிக்கிற வேதம் ஒன்றே: "ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. மாத்திட்டு ஓட்டிப் பாரு. அப்பத்தான் எதால பிரச்சினைன்னு தெரியும்." சத்தியமான வார்த்தை. ஆனால் சொந்த சிஸ்டம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதை அவரால் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கிக்கொள்ள முடியாது. ஐப்பசி அடைமழையில், இடி முழங்குகிற வெள்ளிக்கிழமை ராத்திரி, டிரைவர், விண்டோஸ், பயாஸ் மூன்றையும் ஒரே மூச்சில் அப்டேட் போடுவார். பயாஸ் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டுக்கே உயிர் போகலாம் என்று மச்சினனை அன்று காலைதான் எச்சரித்திருப்பார். மறுநாள் முழுக்க எதனால் நீலத்திரை வருகிறது என்று துப்பறிவார். வீட்டில் யாராவது கேட்டால் சொல்வார்: "நான் ஒண்ணுமே பண்ணல."

ஊருக்கு அவர் சொல்கிற யோசனை எப்போதும் செலவு குறைக்கிற யோசனைதான். மூன்றாவது மாடி மாமி, பையன் எண்பதாயிரத்துக்குப் புது சிஸ்டம் கேட்கிறான் என்று கவலையோடு வந்தார். அண்ணன் போய்த் தூசி தட்டி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸை அதில் ஏற்றினார். 3200 என்று எழுதியிருந்த ரேம் இத்தனை நாள் 2133-ல் ஓடிக்கொண்டிருந்தது; பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் பண்ணிவிட்டார். "இன்னும் மூணு வருஷத்துக்கு ஒண்ணும் வாங்காதீங்க மாமி." மாமி நெகிழ்ந்துபோய் ஒரு டப்பா முறுக்கு அனுப்பினார்.

முறுக்கைக் கடித்துக்கொண்டே அண்ணன் கணக்குப் போட்டார். மாமிக்கு எழுபத்தைந்தாயிரம் மிச்சம். அடுத்த பிளாக் பையனுக்கு நாற்பது. திருச்சி மாமாவுக்கு இருபத்தைந்து. ஆக மொத்தம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மிச்சப்படுத்தியிருக்கிறோம். அதில் பாதிகூட வராது ஒரு புதுக் கார்டு. இந்தக் கணக்கை மனைவியிடம் விளக்கினார்.

"மிச்சமெல்லாம் அவங்க வீட்ல, செலவு மட்டும் நம்ம வீட்லயா?"

"இந்தத் தடவை கார்டு மட்டும்தாம்மா. மத்ததெல்லாம் இருக்கறதே தாங்கும்."

மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கேபினெட்டை அளந்துட்டீங்களா?" என்றார்.